அந்தப் பெண்ணிடம் என்ன கேட்டார்கள்?

பெருந்தொற்றுக் காலத்துச் செய்திகளில் பெண்கள் எப்படிக் காட்டப்பட்டார்கள் என்று சென்ற இதழில் ஒரு வாசகர் கேட்டிருந்தார், சுருக்கமாகத்தான் பதில் சொல்ல முடிந்தது. அதைப் படித்துவிட்டு நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள், அதனால் இந்த முறை முழுப் பகுதியும் அந்தக் கடிதங்களுக்கே. பலர் பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் யாருடைய பெயரையும் போடவில்லை.

கேள்வி: நான் தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ். கொரோனா சமயத்தில் எங்களை "தேவதைகள்" என்று பத்திரிகைகள் எழுதின, டிவியில் கை தட்டினார்கள். எனக்கு அதைப் பார்த்து சந்தோஷம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. வீட்டில் சொன்னால் "பாராட்டினாலும் குறையா" என்கிறார்கள். தப்பு என் மேல்தானா?

பதில்: உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லைம்மா. உங்கள் எரிச்சலுக்குக் காரணம் பாராட்டு இல்லை என்று நினைக்கிறேன். பாராட்டிவிட்டு அதோடு பேச்சை முடித்துக்கொண்டார்களே, அதுதான். ஒருவரை தேவதை என்று எழுதிவிட்டால் அப்புறம் அவருடைய ஷிஃப்ட் எத்தனை மணி நேரம், கவச உடை அவருக்குச் சரியாகப் பொருந்துகிறதா, சம்பளம் தேதிக்கு வந்ததா என்றெல்லாம் கேட்க வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விடுகிறது.

சீனாவில் 2020 பிப்ரவரியில் நடந்ததைச் சொல்கிறேன். கொரோனா முதலில் பரவிய ஹூபேய் மாகாணத்துக்குப் பணிக்குப் புறப்பட்ட கான்சு மாகாண நர்ஸ்களுக்குத் தலையை மொட்டையடித்து அனுப்பினார்கள். அதை ஒரு அரசுப் பத்திரிகை வீடியோவாக எடுத்து, வீராங்கனைகளின் தியாகம் என்ற தோரணையில் வெளியிட்டது. வீடியோவில் சில பெண்கள் அழுவது தெளிவாகத் தெரிகிறது. பார்த்த மக்கள், அதிலும் முக்கியமாகப் பெண்கள், கொந்தளித்துவிட்டார்கள்: சுகாதாரத்துக்காக என்றால் முடியைக் குட்டையாக வெட்டினால் போதாதா, கூட வந்த ஆண்களுக்கு ஏன் முழு மொட்டை இல்லை, இவர்கள் உண்மையிலேயே விருப்பப்பட்டுத்தான் சம்மதித்தார்களா? எதிர்ப்பு கிளம்பியதும் வீடியோவை எடுத்துவிட்டார்கள். அதே வாரங்களில் ஹூபேயில் வேலை செய்த பெண் ஊழியர்களுக்கு மாதவிடாய் நாப்கின்கூடக் கிடைக்கவில்லை. மணிக்கணக்கில் கவச உடையைக் கழற்ற முடியாமல் நிற்கிறவர்களுக்கு அது எவ்வளவு பெரிய பிரச்சினை என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதைக் கவனித்து நாப்கின் திரட்டி அனுப்பியது லியாங் யூ என்ற பெண் தொடங்கிய தன்னார்வ முயற்சிதான். மொட்டையடிக்கும் காட்சியைப் படம் பிடிக்கக் கேமரா இருந்தது, நாப்கின் இருக்கிறதா என்று கேட்க ஆள் இல்லை. உங்கள் எரிச்சல் இந்த இடத்திலிருந்துதான் வருகிறது என்று நான் நம்புகிறேன்.

இதைவிட என்னை உலுக்கிய ஒன்று உண்டு. லைபீரியாவில் சலோமி கார்வா என்று ஒரு பெண். எபோலாவில் அம்மா அப்பா இருவரையும் பறிகொடுத்தார், அவருக்கும் நோய் வந்தது, பிழைத்துக்கொண்டார். பிழைத்ததும் எபோலா சிகிச்சை மையத்துக்கே திரும்பிப் போய் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டார். டைம் இதழ் 2014-இல் எபோலாவை எதிர்த்துப் போராடியவர்களை ஆண்டின் சிறந்த மனிதர்களாகத் தேர்ந்தெடுத்தபோது அட்டைப்படத்தில் வந்தவர்களில் அவரும் ஒருவர். 2017 பிப்ரவரியில் சிசேரியன் பிரசவம் முடிந்து வீடு திரும்பியவருக்கு வலிப்பு வந்தது. மறுபடி மருத்துவமனைக்குக் கொண்டுபோனபோது, எபோலா வந்து பிழைத்தவர் என்பதால் அங்கிருந்தவர்கள் தொடவே பயந்தார்கள் என்று குடும்பத்தினர் சொன்னார்கள். அவர் இறந்துபோனார். எபோலாவிலிருந்து மீண்டவர்களை ஊர் எப்படி நடத்துகிறது, மருத்துவமனைக்குள் அவர்களுக்கு என்ன நடக்கிறது என்பதை அட்டைப்படம் வந்த நாளிலிருந்தே யாராவது விடாமல் எழுதிக்கொண்டு வந்திருந்தால் என்ன என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட அறிக்கையில், சுகாதாரம் மற்றும் சமூகப் பராமரிப்புத் துறையில் உலக அளவில் வேலை செய்கிறவர்களில் சுமார் 70 சதவீதம் பேர் பெண்கள், ஆனால் உயர் பொறுப்புகளில் இருப்பவர்களில் 25 சதவீதம் பேர்தான் பெண்கள் என்று சொல்லியிருந்தது. கவச உடை பெரும்பாலும் ஆண் உடல் அளவை மனதில் வைத்தே தயாரிக்கப்பட்டது, மாஸ்க் முகத்தில் சரியாக உட்காரவில்லை என்ற புகார் பல நாடுகளில் எழுந்ததற்கும் இந்தக் கணக்குக்கும் சம்பந்தம் இருக்கிறது. வாங்கும் முடிவை எடுக்கிறவர் வேறு, போட்டுக்கொண்டு நிற்கிறவர் வேறு. வீட்டில் மறுபடி கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

கேள்வி: நோயைப் பரப்பியவர் என்று ஒரு பெண்ணைச் சுட்டிக்காட்டும் செய்திகள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஆண்களும்தானே பரப்புகிறார்கள்? இது என் பிரமையா, உண்மையிலேயே அப்படித்தானா? (ஓய்வுபெற்ற ஆசிரியர்)

பதில்: பிரமை இல்லை ஐயா. நூறு வருடத்துக்கும் மேலான பழக்கம் இது.

நியூயார்க்கில் சமையல் வேலை செய்த மேரி மாலன் என்ற அயர்லாந்துப் பெண்ணை "டைஃபாய்டு மேரி" என்றால்தான் இன்றைக்கும் உலகத்துக்குத் தெரியும். அவருக்கு நோய் அறிகுறி எதுவும் கிடையாது, ஆனால் உடலில் டைஃபாய்டு கிருமி தங்கியிருந்தது. 1907-இல் பிடித்துக்கொண்டுபோய் ஒரு தீவு மருத்துவமனையில் வைத்தார்கள். இனி சமைக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்ததால் 1910-இல் விட்டார்கள். வேறு வேலையில் பிழைக்க முடியாமல், பெயரை மாற்றிக்கொண்டு மறுபடி சமையலுக்கே போனார், 1915-இல் ஒரு பிரசவ மருத்துவமனைச் சமையலறையில் பிடிபட்டார். அதற்கப்புறம் 1938-இல் சாகும்வரை அதே தீவுதான். இரண்டு முறையும் சேர்த்தால் கிட்டத்தட்ட 26 வருடம். அவர் செய்ததில் தவறே இல்லை என்று நான் சொல்லவில்லை, இரண்டாவது தடவை நடந்தது ஆபத்தான காரியம். ஆனால் அதே நகரத்தில் அறிகுறி இல்லாமல் டைஃபாய்டு கிருமியைச் சுமந்தவர்கள் இன்னும் எத்தனையோ பேரைக் கண்டுபிடித்தார்கள். டோனி லாபெல்லா என்ற ஆண் மூலமாக நூறு பேருக்கு மேல் நோய் வந்ததாகக் கணக்கு, மேரியோடு சேர்த்துச் சொல்லப்படும் எண்ணிக்கையைவிட இது அதிகம். அவரை யாரும் ஆயுள் முழுக்க அடைத்து வைக்கவில்லை, அவர் பெயர் பழமொழியாகவும் ஆகவில்லை. 1909-இல் ஒரு நியூயார்க் பத்திரிகை போட்ட படத்தில் மேரி அடுப்படியில் நின்று வாணலிக்குள் முட்டை உடைத்துப் போடுவதுபோல மண்டை ஓடுகளைப் போட்டுக்கொண்டிருக்கிறார். அவரைத் தேடிப் பிடித்த ஜார்ஜ் சோப்பர், பின்னாளில் எழுதும்போது அவருடைய நடையிலும் மனப்போக்கிலும் ஆண்தன்மை இருந்ததாகக் குறிப்பிடுகிறார். ஏழை, வேற்று நாட்டிலிருந்து வந்தவர், கல்யாணம் ஆகாதவர், அதிகாரிகளை எதிர்த்துப் பேசியவர். ஒரு பெண்ணைக் குற்றவாளியாகக் காட்ட ஒரு பத்திரிகைக்கு இவ்வளவும் ஒரே ஆளிடம் கிடைத்துவிட்டது.

2014-க்கு வருவோம். அமெரிக்காவின் டல்லஸ் நகரில் எபோலா நோயாளியைக் கவனித்த நர்ஸ்கள் இரண்டு பேருக்கு நோய் தொற்றியது. அதில் ஒருவர், தொற்று உறுதியாவதற்கு முன்னால், லேசான காய்ச்சலோடு விமானத்தில் பயணம் செய்திருந்தார். பொறுப்பில்லாதவர் என்று ஏச்சும் பேச்சும் கிளம்பியது. அப்புறம்தான் தெரிந்தது, பயணத்துக்கு முன் அவர் அந்நாட்டு நோய்க்கட்டுப்பாட்டு மையத்துக்கு போன் செய்து, உடல் சூட்டைச் சொல்லி, கேட்டிருக்கிறார், போகக் கூடாது என்று அவர்கள் சொல்லவில்லை. அந்த விமானத்தில் வந்த யாருக்கும் அவரால் எபோலா வரவில்லை. இந்த இரண்டு தகவலும் முதல் நாள் தலைப்புகள் போன தூரத்துக்குப் போகவில்லை.

2020-இல் தென்கொரியாவின் "31-ஆவது நோயாளி"யை உங்களுக்கு நினைவிருக்கலாம். டேகு நகரத்துப் பெண். அவர் எந்த நாளில் எங்கே சாப்பிட்டார், ஷின்சோன்ஜி என்ற சபையின் எந்த ஆராதனைக்குப் போனார் என்று அம்புக்குறி போட்டு உலகம் முழுக்க வரைபடம் வந்தது. அவருக்கே அந்தச் சபையில் வேறொருவரிடமிருந்துதான் தொற்று வந்திருக்கலாம் என்று அந்நாட்டு அதிகாரிகள் சொன்னார்கள். ஆனால் வரைபடத்தில் எல்லா அம்பும் அவரிடமிருந்துதான் புறப்பட்டது. ஒரு கூட்டத்தில் முதலில் பரிசோதனை செய்துகொண்டவர்தான் முதலில் பரப்பியவர் என்று ஆகிவிடாது, பரிசோதனைக்குப் போனதால் மாட்டிக்கொண்டவர் அவர், அவ்வளவுதான். இந்த வித்தியாசத்தை ஒவ்வொரு செய்தி அறையிலும் எழுதி ஒட்ட வேண்டும் என்பேன். ஏனென்றால் இப்படி ஒருவரை ஊரே அடிப்பதைப் பார்க்கிற அடுத்த ஆள் இருமல் வந்தாலும் வாயைத் திறக்க மாட்டார், பரிசோதனைக்கும் போக மாட்டார். அப்போது நோய் இன்னும் வேகமாகத்தான் பரவும்.

கேள்வி: கோவிட்டில் இறந்தவர்களில் ஆண்கள்தானே அதிகம்? அப்படியிருக்க பெண்கள், பெண்கள் என்றே ஏன் பேச வேண்டும்?

பதில்: நியாயமான கேள்வி. பெரும்பாலான நாடுகளின் கணக்கில் ஆண்களின் இறப்பு அதிகமாகத்தான் இருந்தது. அதையும் சரியாக எழுத வேண்டும்: புகைப்பழக்கம், இதய நோய், மருத்துவரிடம் தாமதமாகப் போவது, நோய் எதிர்ப்பு சக்தியில் உள்ள உயிரியல் வேறுபாடு என்று எல்லாவற்றையும். ஆனால் அதை எழுதுவதற்கே ஆண், பெண் என்று பிரித்த புள்ளிவிவரம் வேண்டும். பல அரசுகள் அதை ஒழுங்காக வெளியிடவில்லை, கொடுங்கள் என்று கேட்ட செய்தியாளர்களும் கொஞ்சம்தான். பெண்களைப் பற்றிச் சரியாக எழுதுவதும் ஆண்களைப் பற்றிச் சரியாக எழுதுவதும் ஒரே வேலைதான், ஒன்றைக் குறைத்தால்தான் இன்னொன்றுக்கு இடம் கிடைக்கும் என்று இல்லை.

கேள்வி: தடுப்பூசி போட்டபிறகு எனக்கு மாதவிடாய் தள்ளிப்போனது, ரத்தப்போக்கும் அதிகமாக இருந்தது. இணையத்தில் சொன்னேன், "வதந்தி பரப்பாதே" என்று திட்டினார்கள். அப்போது வந்த செய்திகளிலும் "பெண்கள் வீண் பீதி" என்ற மாதிரிதான் இருந்தது. இப்போது அதைப் பற்றி என்ன சொல்கிறார்கள்?

பதில்: நீங்கள் சொன்னது உண்மை என்பதுதான் இப்போதைய பதில். உங்களை அப்படிப் பேசியதில் எனக்கு மிகுந்த வருத்தம்.

2021 தொடக்கத்தில் கேத்ரின் கிளான்சி என்ற அமெரிக்க மானுடவியல் ஆய்வாளர் தன் மாதவிடாயில் மாற்றம் தெரிந்ததைச் சமூக வலைத்தளத்தில் எழுதினார். எனக்கும், எனக்கும் என்று பதில்கள் குவிந்தன, அவரும் சக ஆய்வாளரும் சேர்ந்து ஒரு கணக்கெடுப்பைத் தொடங்கினார்கள். 2022 ஜனவரியில் வந்த ஒரு பெரிய ஆய்வு, தடுப்பூசி போட்ட சுழற்சி சராசரியாக ஒரு நாளுக்கும் குறைவாக நீண்டது, அப்புறம் பழைய நிலைக்குத் திரும்பியது என்று காட்டியது. அதே ஆண்டு அக்டோபரில் ஐரோப்பிய மருந்து முகமை, ஃபைசர், மாடர்னா போன்ற எம்ஆர்என்ஏ வகைத் தடுப்பூசிகளின் பக்கவிளைவுப் பட்டியலில் அதிக ரத்தப்போக்கையும் சேர்க்கச் சொன்னது. கருத்தரிக்கும் திறனைத் தடுப்பூசி பாதிக்கிறது என்பதற்கு ஆதாரம் இல்லை என்பதையும் அப்போதே சொன்னது.

நடந்ததை யோசித்துப் பாருங்கள். "தடுப்பூசி போட்டால் குழந்தை பிறக்காது" என்ற பொய் ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருந்தது, அதை மறுக்க வேண்டிய கடமை பத்திரிகைகளுக்கு இருந்தது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் பொய்யை மறுக்கிற அவசரத்தில், தன் உடம்பில் நடந்ததைச் சொன்ன பெண்களையும் அதே மூட்டையில் கட்டிப் போட்டுவிட்டார்கள். மருந்து சோதனைகளில் மாதவிடாய் பற்றிய கேள்வியை முறையாகக் கேட்டுப் பதிவு செய்யவே இல்லை என்பதுதான் அன்றைக்குப் பெரிய செய்தியாக வந்திருக்க வேண்டும். "சோதனையில் இதைக் கேட்டீர்களா?" என்று நிறுவனத்தையும் கட்டுப்பாட்டு அமைப்பையும் பார்த்துக் கேட்க வேண்டிய கேள்வி, "ஏன் பீதியைக் கிளப்புகிறாய்?" என்று பெண்களைப் பார்த்துத் திரும்பிவிட்டது. இதனால் தடுப்பூசிக்கும் நஷ்டம்தான். ஒரு நாள் தள்ளிப்போகலாம், பயப்பட ஒன்றுமில்லை என்று முதலிலேயே சொல்லியிருந்தால் நம்பியிருக்கக்கூடிய பெண்கள், எதையோ மறைக்கிறார்கள் என்று நினைக்க ஆரம்பித்தார்கள்.

உங்களுக்கு இன்னும் ஒழுங்கற்ற ரத்தப்போக்கு இருந்தால், தடுப்பூசியைக் காரணம் காட்டிக்கொண்டு இருந்துவிடாமல் மருத்துவரைப் பாருங்கள். வேறு காரணம் இருக்கலாம்.

கேள்வி: பெண் விஞ்ஞானிகளைப் பற்றி எழுதும்போது எத்தனை குழந்தைகள், கணவர் யார் என்பதெல்லாம் எதற்கு? (முதுகலை மாணவி)

பதில்: எதற்கும் இல்லை. ஆக்ஸ்ஃபோர்டு தடுப்பூசியை உருவாக்கிய குழுவை வழிநடத்திய சாரா கில்பர்ட்டைப் பற்றி வந்த அறிமுகக் கட்டுரைகளில் அவருக்கு ஒரே பிரசவத்தில் பிறந்த மூன்று பிள்ளைகள் இருப்பது தவறாமல் இடம்பெற்றது. பயோஎன்டெக் தடுப்பூசி நிறுவனத்தில் அப்போது தலைமை மருத்துவ அதிகாரியாக இருந்த ஓஸ்லெம் துரேஜியை எத்தனையோ செய்திகள் "கணவன் மனைவி ஜோடி"யின் ஒரு பாதியாகவே அறிமுகப்படுத்தின. அவர் புற்றுநோய் சிகிச்சையில் பல வருடம் என்ன ஆராய்ந்தார், அந்த ஆராய்ச்சி கோவிட் தடுப்பூசிக்கு எப்படி உதவியது என்பது, படித்தால், ஒரு நல்ல கட்டுரைக்குரிய விஷயம்.

வாழ்க்கைக் கதையே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். கேட்டலின் காரிக்கோ எம்ஆர்என்ஏவை விடாமல் பிடித்துக்கொண்டிருந்ததால் நிதி கிடைக்காமல், 1995-இல் பல்கலைக்கழகத்தில் பதவி இறக்கப்பட்டார், அதே ஆராய்ச்சிக்கு 2023-இல் ட்ரூ வைஸ்மனோடு சேர்த்து நோபல் பரிசு கிடைத்தது. இது அவசியம் சொல்ல வேண்டிய வாழ்க்கைக் கதை, ஏனென்றால் அறிவியல் எங்கே யாரைத் தடுக்கிறது என்பது அதில் தெரிகிறது. ஜூன் அல்மெய்டாவும் அப்படித்தான். கிளாஸ்கோவில் பஸ் டிரைவரின் மகள், பதினாறு வயதில் பள்ளியை விட்டு ஆய்வகத்தில் உதவியாளராகச் சேர்ந்தவர். 1960-களில் லண்டனில் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் மனிதரைத் தாக்கும் கொரோனா வைரஸை முதன்முதலில் படமெடுத்தார். இதே மாதிரி வைரஸ்களின் படங்களோடு அவர் முன்பு அனுப்பிய கட்டுரையை ஒரு ஆய்விதழ் மங்கலான இன்ஃப்ளூயன்சா படம் என்று தள்ளிவிட்டிருந்தது. 2007-இல் அவர் இறந்தார், பொதுமக்களுக்கு அவர் பெயர் பரவலாகத் தெரிந்தது 2020-இல்தான்.

இந்தியாவில் முதன்முதலில் ஹெச்ஐவி இருப்பதை 1986-இல் கண்டுபிடித்ததில் டாக்டர் சுனிதி சாலமனின் பெயரையாவது கேள்விப்பட்டிருப்போம். நேரில் அலைந்து ரத்த மாதிரிகளைச் சேகரித்த அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவைப் பற்றி முப்பது வருடம் கழித்துத்தான் உலகம் படித்தது. அந்த மாதிரிகளைக் கொடுத்த பாலியல் தொழிலாளிப் பெண்களோ அன்றைய செய்திகளில் ஆபத்தாக மட்டுமே வந்தார்கள். அவர்களுக்கு யாரிடமிருந்து தொற்று வந்தது என்ற கேள்வி மட்டும் எழவே இல்லை.

கேள்வி: பெண்கள் தலைமை தாங்கிய நாடுகள் கொரோனாவை நன்றாகச் சமாளித்தன என்று படித்தேன். உண்மையா?

பதில்: சில நாடுகள், ஆமாம். நியூசிலாந்தின் ஜசிந்தா ஆர்டர்னும் தைவானின் சாய் இங்-வென்னும் நல்ல உதாரணங்கள். ஆனால் அதே 2020-இல் பெல்ஜியத்திலும் பிரதமர் ஒரு பெண்தான், சோஃபி வில்மெஸ், அங்கே மக்கள்தொகைக் கணக்கில் இறப்பு விகிதம் மிக அதிகமாக இருந்தது. ஆர்டர்ன், சாய் இரண்டு பேரும் ஆண்டது தீவு தேசங்களை, தைவானுக்கு 2003 சார்ஸ் தொற்றின் அனுபவம் இருந்தது, இதையெல்லாம் விட்டுவிட்டு "தாயுள்ளம்" என்று எழுதுவது அவர்கள் எடுத்த நிர்வாக முடிவுகளை மறைப்பதுதான். ஆர்டர்ன் 2023 ஜனவரியில் பதவி விலகியபோது, பெண்களால் எல்லாவற்றையும் பெற முடியுமா என்ற பொருளில் பிபிசி ஒரு தலைப்புப் போட்டு, கண்டனம் எழுந்ததும் மாற்றியது. கேரளத்தின் சுகாதார அமைச்சராக இருந்த கே.கே. ஷைலஜாவை ஒரு வெளிநாட்டுப் பத்திரிகை "ராக் ஸ்டார்" என்றது, உள்ளூரில் எதிர்க்கட்சியான காங்கிரஸின் மாநிலத் தலைவர், அவர் "கோவிட் ராணி" ஆக முயல்கிறார் என்று இகழ்ந்தார். 2018 நிபாவின்போது தொடர்பில் இருந்தவர்களைத் தேடிக் கண்டுபிடித்த அனுபவம் 2020-இல் எப்படிப் பயன்பட்டது என்பதை இந்த இரண்டில் எதிலிருந்தும் தெரிந்துகொள்ள முடியாது.

கேள்வி: ஊரடங்கில் எங்கள் வீட்டில் நடந்ததை என்னால் வெளியே சொல்ல முடியவில்லை. அப்போது ஒரு செய்தியில் குடும்ப வன்முறைப் புகார்கள் குறைந்துவிட்டதாகப் போட்டிருந்தார்கள். அதைப் படித்துவிட்டு நான் மட்டும்தான் இப்படி இருக்கிறேனோ என்று நினைத்தேன்.

பதில்: நீங்கள் மட்டும் இல்லை சகோதரி. அடிக்கிறவர் நாள் முழுக்க அதே வீட்டில் இருக்கும்போது போனை எடுத்துப் பேச யாருக்கு முடியும்? சில இடங்களில் ஊரடங்கின் முதல் வாரங்களில் அழைப்புகள் குறையத்தான் செய்தன, குறைந்தது அழைப்பு, வன்முறை இல்லை. அந்தச் செய்தியை எழுதியவர் ஒரு ஹெல்ப்லைன் ஊழியரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும், அவர்கள் சொல்லியிருப்பார்கள். ஐ.நா. பெண்கள் அமைப்பு 2020 ஏப்ரலிலேயே இதைப் பெருந்தொற்றின் நிழலில் பரவும் இன்னொரு தொற்று என்று எச்சரித்தது. ஸ்பெயினின் கேனரி தீவுகளில் மருந்துக்கடைக்குப் போய் "மாஸ்க் 19" வேண்டும் என்று சொன்னால் கடைக்காரர் உதவிக்கு ஆள் அழைப்பார் என்று ஏற்பாடு செய்தார்கள், பிறகு அது வேறு இடங்களுக்கும் பரவியது. எப்படி உதவி கேட்பது என்பதைச் சொல்கிற இந்த மாதிரிச் செய்திதான் உங்களைப் போன்றவர்களுக்குத் தேவைப்பட்டது. அதே சமயத்தில் மலேசியாவில் பெண்கள் நல அமைச்சகமே, வீட்டில் இருக்கும்போதும் ஒப்பனை செய்துகொள்ளுங்கள், கணவரை நச்சரிக்காமல் டோரேமான் என்ற கார்ட்டூன் பூனையின் குரலில் கொஞ்சலாகப் பேசுங்கள் என்று போஸ்டர் வெளியிட்டது. எதிர்ப்பு வந்ததும் மன்னிப்புக் கேட்டது. கொடுமை என்னவென்றால், இதைப் பல இடங்களில் வேடிக்கைச் செய்தியாகத்தான் போட்டார்கள்.

இப்போதும் அந்த வீட்டில்தான் இருக்கிறீர்களா என்று கடிதத்தில் நீங்கள் சொல்லவில்லை. இருந்தால், நம்பிக்கையான ஒருவரிடம் இன்றைக்கே சொல்லுங்கள், உங்கள் பகுதி பெண்கள் உதவி எண்ணை வேறு பெயரில் போனில் பதிந்து வையுங்கள்.

கேள்வி: ஜிகா வைரஸ் சமயத்தில் குழந்தைகளின் படங்களைப் போட்டது சரியா?

பதில்: ஜிகா கொசு மூலம் பரவும் நோய், கர்ப்பிணிக்கு வந்தால் வயிற்றில் இருக்கும் குழந்தையைத் தாக்கும். தலை சிறுத்துப் பிறந்த குழந்தைகளையும் அழுகிற அம்மாக்களையும் அவ்வளவு நெருக்கத்தில் காட்டியிருக்க வேண்டியதில்லை. 2016-இல் எல் சால்வடார் அரசு இரண்டு வருடத்துக்குக் கர்ப்பமாகாதீர்கள் என்று பெண்களுக்கு அறிவுரை சொன்னது. கருக்கலைப்புக்கு முழுத் தடை உள்ள நாடு அது. உடலுறவு மூலமாகவும் ஜிகா பரவலாம் என்று 2011-லேயே ஆய்வுக் கட்டுரை வந்துவிட்டது. ஆனாலும் ஆண்களுக்கு என்ன அறிவுரை என்று கேட்ட செய்திகள் மிகக் குறைவு. அந்தக் குழந்தைகள் வளர்ந்து பள்ளிக்குப் போகும் வயதில், சிகிச்சைக்கு அலைகிற அம்மாக்களைத் தேடிக் கேமராக்கள் அவ்வளவாகப் போகவில்லை.

கேள்வி: நான் செய்தி சேனலில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். பேனலுக்குப் பெண் நிபுணர்களை அழைக்கலாம் என்றால் "கடைசி நேரத்தில் யாரும் கிடைப்பதில்லை" என்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: தம்பி, கேட்டதற்கே நன்றி. கடைசி நேரத்தில் கிடைப்பதில்லை என்பதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, அதனால்தான் முதல் நேரத்தில் தேட வேண்டும். உலக ஊடகக் கண்காணிப்புத் திட்டம் என்று ஒன்று ஐந்து வருடத்துக்கு ஒரு முறை, ஒரே நாளில் பல நாட்டுச் செய்திகளை எடுத்து எண்ணிப் பார்க்கிறது. 1995-இல் செய்திகளில் பேசியவர்களிலும் பேசப்பட்டவர்களிலும் பெண்கள் 17 சதவீதம், 2020-இல் 25 சதவீதம். கால் நூற்றாண்டில் எட்டு சதவீதப் புள்ளிதான் ஏறியிருக்கிறது. இந்தியா உள்பட ஆறு நாடுகளின் கோவிட் செய்திகளை ஆராய்ந்து லூபா கசோவா 2020-இல் எழுதிய அறிக்கையில் ஒரு பெண் குரலுக்குக் குறைந்தது மூன்று ஆண் குரல்கள் என்று வந்தது.

மாற முடியும் என்பதற்கும் ஆதாரம் இருக்கிறது. பிபிசியில் ராஸ் அட்கின்ஸ் என்ற தொகுப்பாளர் 2017-இல் தன் நிகழ்ச்சியில் மட்டும் ஒரு காரியம் செய்தார்: தினமும் நிகழ்ச்சி முடிந்ததும் ஓரிரு நிமிடம், இன்றைக்கு எத்தனை ஆண்கள், எத்தனை பெண்கள் பேசினார்கள் என்று குழுவே உட்கார்ந்து எண்ணியது. அதிபர், அமைச்சர் மாதிரி வேறு வழியில்லாமல் காட்ட வேண்டியவர்களை எண்ணவில்லை, தாங்களாக அழைத்தவர்களை மட்டும். சில மாதங்களில் 39 சதவீதத்திலிருந்து பாதிக்கு வந்துவிட்டது. பிறகு அந்த முறை பிபிசி முழுக்கப் பரவியது. மேலதிகாரியின் அனுமதி இல்லாமல் நீங்கள் ஒருவரே இதைத் தொடங்கலாம், ஒரு நோட்டு போதும்.

அழைக்கும்போது சில விஷயங்களைக் கவனியுங்கள். பெண் மருத்துவர்களில் பலர் "இது என் நேரடித் துறை இல்லை" என்று மறுப்பார்கள். அதைத் தயக்கம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், அது நேர்மை. உங்கள் துறைக்குள் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்வீர்கள் என்று கேட்டால் வருவார்கள். நேரத்தை முன்கூட்டியே சொல்லுங்கள், மாலை ஏழு மணி நேரலை முடியாது என்றால் மதியமே பதிவு செய்துகொள்ளுங்கள். திரையில் பெயருக்குக் கீழே பதவியைச் சரியாகப் போடுங்கள், பக்கத்தில் இருப்பவர் "டாக்டர்" என்றால் இவரும் டாக்டர்தான். அப்புறம் முக்கியமாக, வைரஸ் எப்படி உருமாறுகிறது என்ற கேள்வியை ஆணிடமும், வீட்டில் குழந்தைகளை எப்படிப் பார்த்துக்கொள்வது என்ற கேள்வியைப் பெண்ணிடமும் கேட்கும் பழக்கத்தை ஆங்கரிடம் பேசி மாற்றுங்கள். எண்ணிக்கை சரியாகிக் கேள்வி மாறாவிட்டால் அந்த அம்மா வந்து உட்கார்ந்ததில் பிரயோஜனமில்லை.

கேள்வி: மருத்துவமனையில் துப்புரவுப் பணி செய்கிறேன். டிவியிலிருந்து வருகிறார்களாம், கவச உடையோடு நின்று பேசச் சொல்கிறார்கள். போகலாமா?

பதில்: உங்களுக்கு விருப்பமிருந்தால் தாராளமாகப் போங்கள் அக்கா. உங்கள் குரல்தான் இதுவரை மிகக் குறைவாகக் கேட்டது. ஆனால் போவதற்கு முன் சிலதைப் பேசிவிடுங்கள். என்ன கேட்கப் போகிறார்கள் என்று முதலிலேயே கேளுங்கள். முகத்தையும் பெயரையும் காட்டலாமா என்பது உங்கள் முடிவு, மேஸ்திரியின் முடிவு இல்லை. ஒப்பந்த வேலை என்றால் சம்பளம் பற்றிப் பேசினால் பிரச்சினை வருமா என்று சங்கத்திடமோ கூட வேலை செய்பவர்களிடமோ கலந்துகொள்ளுங்கள். தனியாகப் பேசாமல் நான்கைந்து பேராகப் பேசினால் ஒருவரை மட்டும் குறிவைப்பது கஷ்டம். பயமாக இருக்கிறதா, வீட்டில் பிள்ளைகள் என்ன சொன்னார்கள் என்று கேட்டால் பதில் சொல்லுங்கள், அதில் தப்பில்லை. அதோடு, கழிவுகளை எப்படிப் பிரிக்கிறீர்கள், கையுறை எத்தனை நாளைக்கு ஒரு முறை தருகிறார்கள், ஊசி குத்திவிட்டால் உடனே யார் பார்க்கிறார்கள் என்பதையும் நீங்களாகவே சொல்லிவிடுங்கள், அவர்கள் கேட்காவிட்டாலும்.